திமிங்கிலத் தாயின் வயதுக் கணக்கு

பசு ஒன்றை வாங்க விரும்புகிறவன் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான். அதனால் வயதை அறிகிறான். பின்னர், கொம்பின் அடியில் விழுந்திருக்கும் வளையங்களை எண்ணுகிறான். அது எத்தனை ஈற்றுக் கண்டது என்பதை அவற்றால் மதிக்கிறான். வயது என்ன, எத்தனை கன்று ஈன்றது என்னும் இவ்விரு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் மாட்டுச் சந்தையில் எவரும் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. ஒரு மந்தையின் எதிர்காலமும் இவ்விரண்டிலேயே தங்கியிருக்கின்றது. ஆண்டுதோறும் எத்தனை கன்று பிறக்கும் என்று தெரிந்தாலன்றி, எத்தனையை விற்கலாம், எத்தனையை வைத்திருக்க வேண்டும் என்று உடையவன் கணக்கிட இயலாது.

உலகத்து உயிர்களுள் மிகப் பெரியதாகிய திமிங்கிலத்தின் விடயத்தில் மனிதன் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினான். முதலில் ஆயிரக்கணக்கிற் கொன்றான். பின்னரே கணக்குக் கேட்டான். அந்தக் கணக்கு எவ்வாறு கண்டறியப்பட்டது, அதில் நேர்ந்த பிழைகள் யாவை, அப்பிழைகளின் விலையை யார் கொடுத்தார் என்பன அறியத்தக்கவை.

திமிங்கிலங்கள் மீன்கள் அல்ல. அவை நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று, பாலூட்டி வளர்க்கும் விலங்குகள். அவற்றுள் இரு பெரும் பிரிவுகள் உள. பல்லுடையன ஒரு பிரிவு. மற்றைய பிரிவைச் சேர்ந்தவற்றுக்குப் பல்லே இல்லை. மேற்றாடையிலிருந்து சீப்பின் பற்களைப் போன்று தொங்கும் நூற்றுக்கணக்கான தகடுகளே அவற்றின் வாயில் உள்ளன. இத்தகடுகளைப் பலீன் என்பர். நமது நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே வகைப் பொருளால் ஆனவை அவை. கடல் நீரை வாய் நிறைய முகந்து, தகடுகளின் ஊடாக வெளியே தள்ளி, உள்ளே தங்கும் சிறு கூனிகளை விழுங்குவதே இத்திமிங்கிலங்களின் உணவு முறை. நீலத் திமிங்கிலமும், செட்டைத் திமிங்கிலமும், கூன்முதுகுத் திமிங்கிலமும் இப்பிரிவின. இவற்றிற் பெண்ணே ஆணிலும் பெரியது. தொண்ணூறு அடிக்கு மேலும் வளரும் நீலத் திமிங்கிலப் பெண்ணுக்கு ஒப்பான உடல் வேறெந்த விலங்குக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

பல்லுடைய திமிங்கிலத்தின் பல்லை அறுத்து நோக்கினால், மரத்தின் வளையங்கள் போன்ற அடுக்குகள் தென்படும். பல்லற்றதின் வயதை எங்கே தேடுவது? கொம்பு இல்லை, செதிலும் இல்லை. கடலில் அதனைப் பின்தொடர்ந்து சென்று பிறப்பையும் இறப்பையும் பதிவதும் அக்காலத்தில் எவர்க்கும் இயலாத காரியமாயிருந்தது.

தென் அத்திலாந்திக்குச் சமுத்திரத்திலே தென் ஜோர்ஜியா என்றொரு தீவு உண்டு. பனிமலைகள் சூழ்ந்த அத்தீவின் கிறிற்விக்கன் என்னும் துறையில், 1904 ஆம் ஆண்டு நோர்வே நாட்டவராகிய கார்ல் அன்ரன் லார்சன் திமிங்கில நிலையம் ஒன்றை நிறுவினார். திமிங்கிலக் கொழுப்பை உருக்கிப் பெற்ற எண்ணெய், சவர்க்காரத்துக்கும் மாஜரீனுக்கும் பயன்பட்டது. 1925 ஆம் ஆண்டளவில், பிடித்த திமிங்கிலத்தைப் பின்புறச் சரிவால் மேலே இழுத்துக் கடலிலேயே வெட்டியெடுக்கும் ஆலைக் கப்பல்கள் தோன்றின. அதன்பின் வேட்டைக்கு எல்லையே இல்லாதாயிற்று. 1930-31 ஆம் ஆண்டுப் பருவம் ஒன்றில் மாத்திரம் தென் துருவக் கடல்களில் இருபத்தொன்பதாயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன.

இத்தொழில் நெடுநாள் நிலைக்குமா என்னும் ஐயம் பிரித்தானிய அரசாங்கத்துக்கு முன்னரே எழுந்திருந்தது. அதனால் டிஸ்கவரி ஆய்வுகள் என்னும் பெருமுயற்சி தொடங்கப்பட்டது. திமிங்கில எண்ணெய் மீது விதித்த வரியே அதற்குச் செலவிடப்பட்டது. 1925 ஆம் ஆண்டு கிறிற்விக்கனில் ஆய்வுக்கூடம் ஒன்று அமைந்தது. மக்கின்ரொஷ், வீலர் என்னும் இரு விஞ்ஞானிகள், வேட்டைக்காரர் கரைக்கு இழுத்து வந்த உடல்களைத் தோலுரிக்கும் மேடையிலேயே நின்று ஆராய்ந்தனர். குருதியும் கொழுப்பும் வழுக்கும் அம்மேடையில், வெட்டுவோரின் கத்திகளுக்கு இடையே நின்று, நீளத்தை அளந்தனர், இரைப்பையைத் திறந்தனர், பெண் விலங்குகளின் கருப்பையையும் சூலகத்தையும் பாற்சுரப்பியையும் சோதித்தனர். தென் ஜோர்ஜியாவிலும் தென்னாபிரிக்கக் கரையிலுமாக ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் இவ்வாறு ஆராயப்பட்டன. அதன் பயன் 1929 ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது.

அவர்களுக்கு முதலில் தெளிவாகியது கருவின் வளர்ச்சி. ஒவ்வொரு மாதமும் கருப்பைகளிற் கண்ட கருக்கன்றுகளின் நீளத்தை வரிசைப்படுத்தியபோது, அது மாதத்துக்கு மாதம் ஏறிச் செல்வது தெரிந்தது. அக்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் கருவுற்ற காலமும், முன்னோக்கி நீட்டினால் ஈனும் காலமும் புலப்படும். இம்முறையால், நீலத் திமிங்கிலமும் செட்டைத் திமிங்கிலமும் தென் பாதிக் கோளத்தின் குளிர்காலத்திலே வெப்பக் கடல்களிற் கூடிக் கருவுறுகின்றன என்பதும், ஏறக்குறையப் பதினொரு மாதம் கருச் சுமக்கின்றன என்பதும் அறியப்பட்டன. நீலத் திமிங்கிலக் கன்று பிறக்கும்போதே இருபத்துமூன்று அடி நீளமுடையது. ஆறேழு மாதம் அது பால் குடிக்கும். ஒரு முறைக்கு ஒரு கன்றே. இரட்டை மிக அரிது. சுமப்பதும் பாலூட்டுவதும் இளைப்பாறுவதுமாகக் கணக்கிட்டால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையே தாய் ஈன முடியும்.

அடுத்தது சூலகம். பாலூட்டி விலங்குகளின் சூலகத்திலிருந்து முட்டை வெளிப்பட்டதும், அது இருந்த இடத்தில் மஞ்சட் சடலம் என்னும் ஒரு திரள் உண்டாகும். சடலம் என்பது ஈண்டு உடல் என்னும் பொருளது, பிணம் என்பதன்று. கருத் தரித்தால் அத்திரள் நிலைத்து நின்று, கருவைப் பேணும் ஓமோனைச் சுரக்கும். பெருந் திமிங்கிலங்களில் அது உரித்த தேங்காயளவு பெருப்பதும் உண்டு. கன்று பிறந்த பின் அது சுருங்கி வெண்மையான வடுவாகும். பசு முதலிய விலங்குகளில் இவ்வடு காலப்போக்கில் மறைந்துவிடும். திமிங்கிலத்திலோ அது மறைவதில்லை. நெல்லிக்காயளவு கெட்டியான முடிச்சாக வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. பருவமடையாத பெண்ணின் சூலகம் வடுவின்றித் தட்டையாயிருக்கும். முதிர்ந்ததின் சூலகம் திராட்சைக் குலை போலத் திரண்டிருக்கும். அதனை மெல்லிய துண்டுகளாக அரிந்து வடுக்களை எண்ணினால், அத்தாய் எத்தனை முறை முட்டையிட்டாள் என்ற கணக்கு முழுமையாகக் கிடைக்கும். பசுவின் கொம்பு வளையத்துக்கு ஒப்பான ஒன்று திமிங்கிலத்தின் உடலுக்குள்ளே கண்டுபிடிக்கப்பட்டது எனலாம்.

எனினும் இவ்வளையத்தில் ஒரு குறை உண்டு. கருத் தரித்து உண்டான வடுவும், கருத் தரியாது வீணாய்ப்போன முட்டையின் வடுவும் காலம் செல்ல ஒன்று போலவே ஆகிவிடுகின்றன. இருபது வடுவுடையவள் இருபது கன்று ஈன்றவள் அல்லள். மேலும், ஆண்டொன்றுக்கு எத்தனை வடு உண்டாகும் என்பது தெரிந்தாலன்றி வடுவை வயதாக மாற்ற இயலாது. இன்ன திமிங்கிலம் இன்னதைவிட மூத்தது என்று சொல்ல முடிந்தது. எத்தனை வயது என்று சொல்ல முடியவில்லை. முதுகெலும்பின் துண்டுகளும் அவற்றின் முனைத் தட்டுகளும் ஒன்றாய் இணைந்துவிட்டனவா, இடையே குருத்தெலும்பு எஞ்சியிருக்கிறதா என்று பார்த்து, வளர்ச்சி முடிந்ததை அறியும் முறையும் இவ்வாறானதே. அது முதுமையின் படியைக் காட்டும், ஆண்டைக் காட்டாது.

இந்நிலையில், உடல் நீளங்களையும் பருவத்தையும் ஒப்பிட்டு, இத்திமிங்கிலங்கள் இரண்டு வயதளவிற் பருவமடைகின்றன என்று மக்கின்ரொஷும் வீலரும் முடிவு செய்தனர். அக்காலத்துச் சான்றுகளுக்கு அது பொருந்துவதாகவே தோன்றியது. அதன் விளைவைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு வயதிற் பருவமடையும் பெண், பத்து வயதுக்குள் மூன்று நான்கு கன்றுகளை ஈன்றுவிடும். பத்து வயதிலேதான் பருவமடையும் என்றாலோ, அந்த வயதில் அதற்கு ஒரு கன்றுமில்லை. முதற் கணக்கை நம்புகிறவன், கடல் விரைவில் நிரம்பிவிடும் என்று கருதுவான். இரண்டாவது கணக்கை அறிந்தவன் கையை இழுத்துக்கொள்வான்.

1940 ஆம் ஆண்டு நோர்வே விஞ்ஞானியாகிய ஜொஹான் ரூட், பலீன் தகட்டிலே வயதைத் தேடினார். நகம் போல் அடியிலிருந்து வளரும் அத்தகட்டின் மேற்பரப்பில் மேடும் பள்ளமும் மாறி மாறி வருகின்றன. உணவு மிகுந்த கோடையும் உணவு அரிதான குளிர்காலமும் இட்டுச் செல்லும் அடையாளங்கள் அவை. இளம் விலங்குகளின் வயதை இவற்றால் நன்கு அறிய முடிந்தது. ஆயின் தகட்டின் நுனி நாள்தோறும் தேய்கின்றது. நான்கைந்து ஆண்டுக்கு முந்திய அடையாளம் நுனியோடு போய்விடுகிறது. முதியவளின் தகடு அவளுடைய அண்மைக் காலத்தை மாத்திரமே சொல்லும்.

இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையைச் சேர்ந்த பேர்விஸ் என்பவர் 1955 ஆம் ஆண்டு வெளியிட்ட செய்தி இவ்வாராய்ச்சியின் போக்கையே மாற்றியது. பலீன் திமிங்கிலத்தின் காதுத் துளை வெளிப்புறத்தில் அடைபட்டுள்ளது. ஆதலால் உள்ளே உண்டாகும் குறும்பி வெளியேற வழியின்றி, அடுக்கின்மேல் அடுக்காகப் படிந்து, நீண்ட கூம்பு போன்ற ஓர் அடைப்பாக உறைகிறது. பெரிய திமிங்கிலத்தில் அது ஏறக்குறைய ஓரடி நீளமிருக்கும். அதனை நெடுக்காகப் பிளந்து தேய்த்து நோக்கினால், வெளிறிய அடுக்கும் கரிய அடுக்கும் மாறி மாறித் தோன்றும். கொழுப்பு மிகுந்த வெளிறிய அடுக்கு உணவுண்ணும் காலத்தது. கரியது நெடும் பயணத்தினதும் பட்டினியினதும் காலத்தது. இது தேய்வதில்லை, மறைவதுமில்லை. குழந்தையின் காதிலிருந்து நாம் துடைத்தெறியும் குறும்பியே திமிங்கிலத்தின் சாதகக் குறிப்பாக அமைந்தது.

ஆயினும் சாதகத்தை வாசிக்கத் தெரிய வேண்டுமே! ஓர் ஆண்டுக்கு இவ்வடுக்குச் சோடி ஒன்றா, இரண்டா? தொடக்கத்தில் ஆண்டுக்கு இரண்டு என்றே கொண்டனர். நாற்பது சோடியுடைய பெண்ணுக்கு இருபது வயது என்றனர். இதனைச் சரிபார்க்க ஒரு வழி இருந்தது. 1930 களிலிருந்து, எண் பொறித்த உலோகக் குழாய்களைத் துப்பாக்கியால் உயிருள்ள திமிங்கிலத்தின் தசைக்குள் செலுத்தி வந்தனர். அது பின்னொருநாள் கொல்லப்பட்டு வெட்டப்படும்போது குழாய் அகப்படும். இருபது ஆண்டுக்கு மேற்பட்ட காலம் கழித்து அகப்பட்டனவும் உண்டு. அவ்விலங்கின் வயது குறைந்தது எவ்வளவு என்பதற்கு அக்குழாயே சாட்சி. 1967 ஆம் ஆண்டு, றோ என்னும் ஆய்வாளர், வெவ்வேறு மாதங்களிற் பெற்ற அடைப்புகளின் கடைசி அடுக்கை ஒப்பிட்டு, ஆண்டுக்கு ஒரு சோடியே உண்டாகிறது என்று செட்டைத் திமிங்கிலத்தில் நிறுவினார். அன்றோடு திமிங்கிலங்களின் வயது இரு மடங்காயிற்று. இருபது என்று கருதிய தாய் உண்மையில் நாற்பது வயதினள். எண்பது, தொண்ணூறு ஆண்டு வாழ்ந்தவையும் இருந்தமை தெரிய வந்தது.

1972 ஆம் ஆண்டு கிறிஸ்ரினா லொக்கியர் என்னும் பெண் விஞ்ஞானி இன்னொன்றைக் காட்டினார். இளமையில் உண்டான அடுக்குகள் அகன்றும் ஒழுங்கின்றியும் இருக்க, ஒரு கட்டத்துக்குப் பின் அவை நெருங்கி ஒழுங்காகின்றன. அந்த மாற்றமே பருவமடைந்த ஆண்டின் அடையாளம். இதனைக் கொண்டு நோக்கியபோது, 1930 க்கு முன் பிறந்த செட்டைத் திமிங்கிலங்கள் ஏறக்குறையப் பத்து வயதிற் பருவமடைந்தன என்றும், பின் வந்தவை ஆறு வயதளவிலேயே பருவமடைந்தன என்றும் தெரிந்தது. இவ்வேறுபாட்டின் அளவைப் பற்றி விஞ்ஞானிகளிடையே வாதம் நிகழ்ந்தது. எனினும், கூட்டம் அருகியதால் எஞ்சியவற்றுக்கு உணவு பெருகி, அவை விரைந்து வளர்ந்தன என்பதே பலரும் ஏற்ற விளக்கமாகும்.

இத்தனை அறிவும் உரிய காலத்திற் பயன்பட்டதா? 1937 ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கை, எழுபது அடிக்குக் குறைந்த நீலத் திமிங்கிலத்தைக் கொல்லலாகாது என்று விதித்தது. பெண் நீலத் திமிங்கிலம் எழுபத்தேழு அடியளவிலேயே பருவமடைகிறது என்பது 1929 ஆம் ஆண்டு நூலிலேயே காணப்பட்டது. ஒரு கன்றேனும் ஈனாத பெண்களைக் கொல்வதற்குச் சட்டமே இடம் கொடுத்தது. கன்றோடு செல்லும் தாயைக் கொல்லலாகாது என்ற விதியும் இருந்தது. அது நல்ல விதி. ஆயினும் அதனால் பாலூட்டும் தாய்கள் ஆய்வாளரின் மேடைக்கு அதிகம் வரவில்லை. வந்தவற்றுட் கருவுற்றவையே மிகுந்து காணப்பட்டமையால், மந்தை உண்மையினும் வேகமாகப் பெருகுவது போன்ற தோற்றம் உண்டாக அது வழி வைத்தது.

1946 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அமைந்த சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு, 1960 ஆம் ஆண்டு மூன்று கணித வல்லுநரை நியமித்து நிலைமையை ஆராயச் செய்தது. வயதுக் கணக்கையும் பிறப்புக் கணக்கையும் பிடிபட்ட தொகையையும் சேர்த்து நோக்கிய அவர்கள், பிறப்பு எவ்வகையாலும் கொலைக்கு ஈடாகாது என்று காட்டினர். 1966 ஆம் ஆண்டு நீலத் திமிங்கிலத்துக்கு முழுப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. 1982 ஆம் ஆண்டு வணிக வேட்டை முழுவதையும் நிறுத்தும் தீர்மானம் நிறைவேறியது.

இவ்வரலாறு இலங்கைக்கு அயலான கடல்களையும் தொட்டது. 1960 களில் சோவியத் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களை இரகசியமாகக் கொன்றன. பொய்க் கணக்குகளால் மறைக்கப்பட்ட சோவியத் வேட்டையின் உண்மை, 1993 ஆம் ஆண்டு முதலாகவே உலகுக்கு வெளிப்படத் தொடங்கியது. 1979 ஆம் ஆண்டு இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் புகலிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. இன்று திருகோணமலைக்கு அப்பாலும் மிரிஸ்ஸவுக்குத் தெற்கேயும் நீலத் திமிங்கிலங்களைக் காணலாம். ஈட்டி ஓய்ந்தபோதிலும், தெற்குக் கரையை ஒட்டிச் செல்லும் பெருங் கப்பல்கள் மோதி அவை இறப்பது ஓயவில்லை.

இன்றைய ஆய்வாளர் தாயைக் கொல்லாமலே அதே இரு கேள்விகளையும் கேட்கக் கற்றுள்ளனர். வாலிலும் தலையிலும் உள்ள இயற்கை அடையாளங்களைப் படமெடுத்து, ஒவ்வொரு தாயும் எந்த ஆண்டிற் கன்றோடு வந்தாள் என்று பதிகின்றனர். சிறு அம்பினால் விரலளவு தோலும் கொழுப்பும் எடுத்து, அதிலுள்ள புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோனை அளந்து, கருவுற்றிருக்கிறாளா என்று அறிகின்றனர். கடலில் மிதக்கும் சாணத்திலிருந்தும் அதே செய்தியைப் பெறுகின்றனர். தோலிலுள்ள மரபுப் பொருளில் வயதோடு ஏற்படும் மாற்றங்களைக் கொண்டு, கூன்முதுகுத் திமிங்கிலத்தின் வயதைச் சராசரி மூன்றாண்டுப் பிழையோடு மதிக்கலாம் என்று 2014 ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய ஆய்வாளர் காட்டினர்.

பழைய தகடும் புதிதாகப் பேசத் தொடங்கியிருக்கிறது. வட அத்திலாந்திக்கில் வாழும் ரைட் திமிங்கிலத்தின் பலீன் தகடு மிக நீளமானது; ஏறக்குறையப் பத்தாண்டுச் செய்தி அதில் அடங்கும். 2004 ஆம் ஆண்டு கப்பல் மோதி, நிறைசூலோடு இறந்த ஒரு தாயின் தகட்டை அடி முதல் நுனி வரை ஆராய்ந்தபோது, அவள் கன்று ஈன்றதாகப் படங்களால் அறியப்பட்ட காலங்களுக்கு ஏற்ப அதில் அவ்வோமோன் உயர்ந்து நின்றது. முட்டையிட்டமைக்கும் கருவுற்றமைக்கும் வேறுபாடு காட்டாத பழைய வடுவின் குறையை இம்முறை தீர்க்க வல்லது. அவ்வினத்தில் இன்று எஞ்சியவை நானூறுக்கும் குறைவு. அவற்றுட் கன்று ஈனத்தக்க பெண்கள் மிகச் சிலவே. ஆதலால் ஒரு தாயின் இறப்பு, அவள் இனி ஈனக்கூடிய கன்றுகள் அனைத்தின் இறப்புமாகும்.

திமிங்கிலத் தாயின் உடல் தன் வரலாற்றை மறைத்து வைத்திருக்கவில்லை. சூலகத்தில் ஒரு வடுவும் அழியவில்லை. காதில் ஓர் அடுக்கும் உதிரவில்லை. வாசிக்க அறியாதவரும், வாசித்த பின்னும் பொறுமையற்றவருமாகவே மனிதர் இருந்தனர். இரண்டு வயது என்றும், பின்னர் பத்து வயது என்றும் திருத்திக்கொள்ள விஞ்ஞானிகளுக்கு நாற்பது ஆண்டுக்கு மேல் எடுத்தது. விஞ்ஞானத்தில் அது நீண்ட காலமன்று. ஆனால் ஈட்டியெறிபவர் அதுவரையும் காத்திருக்கவில்லை. கணக்குத் தெளிவாகும்வரை குறைவாகவே எடுக்க வேண்டும் என்னும் எளிய உண்மையை மாட்டு மந்தை வைத்திருப்பவன் நன்கறிவான். காடாயினும் மீனாயினும் நிலத்தடி நீராயினும், இருப்பை அறியாமல் எடுப்பவர் எல்லோரும் கருத்திற்கொள்ள வேண்டியது அதுவே.